நாராயணப்பா ஏறி நின்ற கற்றாழைப் பலகை

நாராயணப்பா இரண்டு செங்கற்களைத் தரையில் வைத்து, அவற்றின்மேல் பலகையைக் குறுக்காகப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார்.

செருப்பைக் கழற்றியது மரியாதைக்காக. அந்தப் பலகை வாங்குகிறவர்கள் கண்ணில் படுவது அன்றுதான் முதல் தடவை. எதிரே, எலக்ட்ரிக் ஸ்கூட்டர் செய்யும் கம்பெனியிலிருந்து வந்த மூன்று பேர் டீ கப்போடு நின்றார்கள். ஸ்கூட்டரில் நாம் கால் வைக்கும் இடத்துக்கு அடியில் வரும் பலகை அது. பிளாஸ்டிக்கில் செய்துகொண்டிருந்ததைக் கற்றாழை நாரில் செய்து தருகிறோம் என்று எங்கள் முதலாளி நாராயணப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

"பாருங்க சார்," என்றார் பலகைமேல் நின்றபடி. "என் வெயிட்டு என்னான்னு கேக்காதீங்க. எங்க வீட்ல கேட்டாக்கூட சொல்றதில்ல. என்னையே தாங்குதுன்னா உங்க வண்டியில எவன் கால் வெச்சாலும் தாங்கும்."

மூன்று விநாடி தாங்கியது. நான்காவது விநாடியில் அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

அவர் விழவில்லை. செங்கல் உயரத்திலிருந்து தரைக்கு இறங்கினார், அவ்வளவுதான். ஆனால் முகத்தில் மாடியிலிருந்து விழுந்தவரின் களை இருந்தது. வந்திருந்தவர்களில் மூத்தவர் டீ கப்பை மேசைமேல் வைத்துவிட்டு, "ஒரு ரிப்போர்ட் அனுப்பிடுங்க" என்று மிக மென்மையாகச் சொன்னார். ஓசூர் தொழிற்பேட்டையில் யாராவது அவ்வளவு மென்மையாகப் பேசினால் ஆர்டர் போய்விட்டது என்று அர்த்தம்.

அந்த நேரத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தரக் கட்டுப்பாடு என் பொறுப்பு. ஏதாவது சொல்லியாக வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்:

"பிரஸ்ல நேரம் கொறஞ்சிருக்கும் சார். முனிராஜ் அவசரப்பட்டிருப்பார்."

முனிராஜ் அங்கேயே, பலகையைச் சூட்டில் அழுத்தி எடுக்கும் பிரஸ் மெஷினுக்குப் பக்கத்தில், கையுறையோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். மறுநாளிலிருந்து அவரைப் பிரஸ்ஸிலிருந்து எடுத்து, நார் கழுவும் தொட்டிப் பக்கம் போட்டுவிட்டார்கள்.

இந்த வாரம் எழுத நினைத்தது அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான்.

கண்ணாடியை விட்டு இலைக்கு

சென்ற வாரம் நான் ஓசூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த கதையைப் படித்துவிட்டு, "இவ்வளவு எழுதினீர்களே, கம்பெனியில் என்னதான் செய்தீர்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. என் கணவரும் இருபது வருடமாக அதையேதான் கேட்கிறார்.

எங்களுடையது சின்னக் கம்பெனி. முப்பது பேர் இருப்போம். கண்ணாடி இழையையும் ரெசினையும் சேர்த்து பஸ்ஸுக்கு மேல்கூரை, தண்ணீர்த் தொட்டி, மெஷின் மூடி என்று செய்வோம். ரெசின் என்பது பசை போன்ற திரவம். சூட்டில் இறுகினால் கல்லாகிவிடும். இழைதான் அதற்கு எலும்பு. கண்ணாடி இழைக்குப் பலம் அதிகம், அரிப்பும் அதிகம். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கழுத்தெல்லாம் அரிக்கும். என் மகள் சின்ன வயதில் என்னைக் கட்டிப்பிடிக்க வந்தால், "குளிச்சியாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிட்டே வருவாள்.

பெங்களூரில் ஏதோ கண்காட்சிக்குப் போய்வந்த நாராயணப்பா ஒருநாள் கையில் ஒரு கொத்து வெளுத்த நாரோடு வந்து நின்றார். "மேடம், இனிமே இதான். வெயிட்டு கம்மி, அரிக்காது, மண்ணுல வெளையறது. கார் கம்பெனிங்க எல்லாம் இதத்தான் கேக்கறாங்க."

"கயித்துக் கட்டில் கம்பெனி ஆகப் போறமா சார்?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. அவர் சொந்த ஊரே ஓசூர். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், கம்பெனியில் தமிழ், கோபம் வந்தால் மூன்றும் கலந்து. அன்று தமிழில் மட்டும் பேசினார் என்றால் யோசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

மொழி என்றதும் என் பாஷையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் தூத்துக்குடிப் பக்கம். "சொல்லுதேன்", "பாக்குதேன்" என்று வந்த புதிதில் பேசினால் கம்பெனியில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். முனிராஜ் மட்டும் சிரிக்கமாட்டார். பின்னால் போய் அப்படியே பேசிக் காட்டுவார் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அவருக்குத் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். பத்து வருடத்துக்கு மேலாகப் பிரஸ் ஓட்டியவர். பலகை வெந்துவிட்டதா என்பதை மெஷின் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரைத்தான் நான் அவசரக்காரர் என்றேன்.

நாகம்மாவின் வேலி

நார் கொடுத்தவர் நாகம்மா. ராயக்கோட்டையிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் அவர் ஊர். என் வயதுதான் இருக்கும். தக்காளி போட்ட நிலம், அதைச் சுற்றி முள்ளு முள்ளாக ரயில் கற்றாழை. அந்த மடல்களை வெட்டி, சின்ன மெஷினில் விட்டுச் சதையை நீக்கி, நாரை மட்டும் எடுத்துக் காயவைத்து அனுப்புவார்கள். அவரோடு இன்னும் ஐந்து பெண்கள்.

"இந்த வேலி இருந்தா யானைகூட கொஞ்சம் யோசிச்சிதான் வரும் மேடம்," என்றார் முதல் சந்திப்பில்.

யானை யோசித்ததை அவர் எப்போது பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. நார் நன்றாக இருந்தது. நீளமாக, வெளுப்பாக, சுத்தமாக. அதை வைத்து நாங்கள் செய்த முதல் மாதிரிப் பலகையை வெளி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். தேறியது. பெரிதாக இல்லை, எல்லைக்கோட்டைத் தொட்டுக்கொண்டு தேறியது. அந்தத் தைரியத்தில்தான் நாராயணப்பா செங்கல்மேல் ஏறினார்.

ஆனால் செங்கல்மேல் வைத்தது இரண்டாவது முறை வந்த நாரில் செய்த பலகை. அதே நார், அதே ரெசின், அதே பிரஸ். ஏன் உடைந்தது?

ஸ்கூட்டர் கம்பெனி முழுதாகக் கைவிடவில்லை. காரணம் கண்டுபிடித்துச் சொன்னால் இன்னொரு முறை பார்க்கலாம் என்று கடிதம் போட்டார்கள். இந்த ஆர்டர் கிடைக்கவில்லை என்றால் கற்றாழைத் திட்டத்தையே மூடிவிடுவது என்று நாராயணப்பா முடிவுசெய்திருந்தார். நாகம்மாவின் மெஷினும் அதோடு நிற்கும்.

சேமியா

பலத்தைக் கூட்டுவது எப்படி என்று படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்கத்தான் என் அறியாமையின் அளவு தெரிந்தது.

செடியிலிருந்து வரும் நாருக்கு மேலே ஒரு மெல்லிய மெழுகும் பிசினும் இருக்கும். அது செடிக்கு நல்லது, எங்களுக்குக் கெட்டது. ரெசின் அதன்மேல் ஒட்டாது. காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் ஊறவைத்தால் அந்த மெழுகு போய், நாரின் மேல்பக்கம் சொரசொரப்பாகும். ரெசின் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

அளவு முக்கியம். எனக்கு அது முதலில் உறைக்கவில்லை. கொஞ்சம் போட்டால் நல்லது என்றால் நிறையப் போட்டால் இன்னும் நல்லதுதானே என்று கரைசலைக் கெட்டியாகக் கலக்கி ஒரு நாள் முழுக்க ஊறவைத்தேன். மறுநாள் தொட்டியைத் திறந்தால் நார் மஞ்சளாகிக் குழைந்து கிடந்தது. கையுறை போட்டுத் தூக்கினால் அறுந்து விழுந்தது.

தொட்டிக்குப் பொறுப்பாக இருந்த முனிராஜ் எட்டிப் பார்த்தார்.

"சேமியா வெந்துடுச்சி மேடம்," என்றார். "பால் ஊத்தலாமா?"

அவரைப் பழி சொல்லிவிட்டு அவரிடமே வேலை வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்ற கூச்சம் எனக்கு இருந்தது. அதனால் சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை.

கரைசலை நீர்க்கவைத்தோம். ஊறும் நேரத்தைச் சில மணிகளாகக் குறைத்தோம். பிறகு நல்ல தண்ணீரில் பல தடவை அலசி, கடைசி அலசலில் கொஞ்சம் வினிகர் சேர்த்து, மீந்த காரத்தைப் போக்கினோம். அடுத்தது ஈரம். செடி நார் பஞ்சு மாதிரி, காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சும். ஓசூரில் மழைக்காலம் எது, பனிக்காலம் எது என்று பிரிப்பதே கஷ்டம். கொடியில் போட்ட துணியே இரண்டு நாள் யோசிக்கும். ஈர நாரைப் பிரஸ்ஸில் வைத்தால் சூட்டில் தண்ணீர் ஆவியாகி, பலகைக்குள் கொப்புளம் கட்டும். அதனால் பிரஸ்ஸில் வைப்பதற்குச் சற்று முன்பு அடுப்பில் உலர்த்தினோம்.

கடைசியாக நாரை அடுக்கும் முறை. முன்பு அள்ளிப் பரப்புவோம். இப்போது ஒரு அடுக்கு நீளவாக்கில், அடுத்த அடுக்கு குறுக்குவாக்கில் என்று மாற்றினோம். சுமை எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் நார் ஓடவேண்டும்.

இவ்வளவும் செய்து, பலகையைப் பட்டைகளாக அறுத்து, இழுத்துப் பார்க்கும் மெஷினில் மாட்டினேன். சில பட்டைகள் பிரமாதம். முதல் மாதிரியைவிட எவ்வளவோ பலம். சில பட்டைகள் முன்னைவிட ஒரு மாதிரி தேவலை, அவ்வளவுதான்.

உடைந்த முனைகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பலமான பட்டையில் நார்கள் அறுந்திருந்தன. பலவீனமான பட்டையில் அறுபடவே இல்லை. சீப்பிலிருந்து முடி உருவி வருவது மாதிரி ரெசினுக்குள்ளிருந்து முழுசாக உருவி வெளியே வந்திருந்தன. அதாவது நாரில் பலம் இருக்கிறது, ரெசினிலும் இருக்கிறது. இரண்டும் கைகோக்கவில்லை. எங்கள் வீட்டிலும் அப்போது ஏறக்குறைய அதே நிலைமைதான், ஆனால் அது வேறு அத்தியாயம்.

நுரை

ஒருநாள் மதியம் தொட்டிப் பக்கம் போனபோது தண்ணீர்மேல் வெள்ளையாக நுரை மிதந்துகொண்டிருந்தது. துணி ஊறவைத்த வாளி மாதிரி.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "முனிராஜ், தொட்டியை சோப்பு போட்டுக் கழுவிட்டு சரியா அலசலையா? இப்படி இருந்தா நார்ல எப்படி ரெசின் ஒட்டும்?"

"சோப்பே போடலீங்க மேடம்."

"போடாம நுரை எங்கருந்து வரும்?"

பதிலுக்கு நிற்காமல் நான் வந்துவிட்டேன். வரும்போது எனக்கு ஒரு திருப்தி இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அன்று அவர்மேல் பழி போட்டது அவ்வளவு தப்பில்லை போலிருக்கிறதே என்று மனசுக்குள் ஒரு மூலை சந்தோஷப்பட்டது.

மறுநாள் சாப்பாட்டு நேரம். என் மேசைக்கு முன்னால் முனிராஜ் இரண்டு புது வாளிகளோடு வந்து நின்றார். கடை ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை. பின்னாலேயே பிரிக்காத இரண்டு நார் மூட்டைகளையும் இழுத்துவந்தார்.

"வாளி புதுசு. பார்த்துக்குங்க," என்றார். "மூட்டை நீங்களே பிரிங்க. காஸ்டிக் நீங்களே ஊத்துங்க. நான் தொடல."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் சோற்று டப்பாவை மூடிவைத்துவிட்டு, கையுறை மாட்டி, அவர் சொன்னபடி செய்தேன். ஒரு வாளியில் முதல் முறை வந்த பழைய மூட்டை நார். இன்னொன்றில் இரண்டாவது முறை வந்த நார். சூடான தண்ணீர், ஒரே அளவு காஸ்டிக். கழியால் கலக்கினேன்.

பழைய நார் வாளி சும்மா இருந்தது. புது நார் வாளியில் நுரை வந்தது.

இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு முனிராஜ் புது மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி நாரை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மோந்து பாருங்க மேடம். எனக்கு மொதல்லயே சந்தேகந்தான். இந்த மூட்டையில கைய விட்டா எங்க வீட்டம்மா தல வாசம் வருது."

தேங்காய் எண்ணெய்.

காஸ்டிக்கும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்தால் சோப்பு. பள்ளிக்கூடப் பாடம். நான் வேதியியலில் டிப்ளமோ வாங்கி, அதற்குச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டிவைத்திருக்கிறேன். எண்ணெய் தடவிய நாரில் ரெசின் எப்படி ஒட்டும்? எண்ணெய்க் கையால் ஸ்டாம்ப் ஒட்டுவது மாதிரிதான். பாதி காஸ்டிக் அந்த எண்ணெயைக் கழுவுவதிலேயே தீர்ந்துபோய், நாரின் மெழுகைத் தொடவே இல்லை.

"முந்தியே ஏன் சொல்லல முனிராஜ்?"

"நீங்க கேக்கலியே மேடம்," என்றார். குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ராயக்கோட்டை பஸ்

நாராயணப்பாவிடம் சொன்னதும் அவர் மூன்று மொழியிலும் பேசினார். சப்ளையரை மாற்றிவிடலாம் என்றார். ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, முனிராஜையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் தக்காளிக் கூடைக்கும் ஜன்னலுக்கும் நடுவே உட்கார்ந்து, நாகம்மாவிடம் எப்படிப் பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். தரம் என்றால் என்ன, நம்பிக்கை என்றால் என்ன என்று நல்ல உரையாகத் தயாராகியிருந்தது. முனிராஜ் ஜன்னல் பக்கம் தூங்கிக்கொண்டு வந்தார்.

நாகம்மா எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, கொட்டகைக்குள் கூட்டிப்போனார். ஐந்து பெண்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தர் மடியிலும் ஒரு கொத்து நார். பக்கத்தில் ஒரு தேங்காய் எண்ணெய் டப்பா. உள்ளங்கையில் சொட்டு விட்டு, இரண்டு கையாலும் தேய்த்து, நாரில் மேலிருந்து கீழாக நீவி, சீப்பால் வாரிக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் பெண்ணுக்குத் தலை வாருகிற பொறுமை.

"எப்டி மேடம்?" என்றார் நாகம்மா. "பாதி நாளு இதுக்கே போவுது. ஆனா பாருங்க, கண்ணு கூசுது."

என் உரை மறந்துபோனது. "இது எதுக்குங்க? யார் செய்யச் சொன்னது?"

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். "நீங்கதானே மேடம். மொத மூட்டைய எறக்கறப்போ, நீங்க ஒரு கொத்த வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சி, 'நாகம்மா, இந்த மாதிரி பளபளன்னு இருக்கறதா பாத்து அனுப்புங்க'ன்னு சொன்னீங்க. எல்லா மடலும் அப்டி வராதுங்க. வராததுக்கு எண்ணெய வெச்சோம். முடின்னாலும் நாருன்னாலும் எண்ணெ வெச்சாதானே பலம்?"

அப்போது நினைவுக்கு வந்தது. சொல்லியிருந்தேன். நன்றாக இருக்கிறதே என்ற உற்சாகத்தில், போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தை. நான் அன்றே மறந்துவிட்டேன். அவர்கள் அதை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் உட்கார்ந்து நாருக்குத் தலை வாரியிருக்கிறார்கள்.

"தப்பா போச்சிங்களா?" என்று நாகம்மா மெதுவாகக் கேட்டார். மற்ற பெண்களின் கைகள் நின்றுவிட்டன.

நான் எப்படிச் சொல்வது என்று தடுமாற, முனிராஜ் கீழே உட்கார்ந்து, ஒரு கொத்தை எடுத்து, தெலுங்கும் தமிழுமாக விளக்கினார். பலகை எப்படி உடைந்தது, நார் எப்படி உருவி வந்தது, நுரை எப்படி வந்தது. என் பெயரை மட்டும் சொல்லவில்லை. கேட்டு முடித்ததும் ஒரு பெண் எண்ணெய் டப்பாவை மூடி, புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் சொன்னதுதான் தப்புங்க," என்றேன். "உங்க மேல ஒண்ணும் இல்ல."

நாகம்மா எண்ணெய் டப்பாக்களைப் பார்த்தார். பிறகு, "அப்போ ரெண்டு மாசமா எங்க தலைக்கு வெச்சிருக்க வேண்டிய எண்ணெங்க இது," என்றார்.

பொறுப்பு என்ற கட்டம்

ஸ்கூட்டர் கம்பெனிக்கு அனுப்பவேண்டிய ரிப்போர்ட்டில் கடைசியில் இரண்டு கட்டங்கள் இருந்தன. மூல காரணம் என்று ஒன்று. பொறுப்பு என்று இன்னொன்று.

"பொறுப்புல சப்ளையர்னு போட்டுடுங்க மேடம்," என்றார் நாராயணப்பா. "அவங்க வந்து படிக்கவா போறாங்க?"

உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த யோசனை கசக்கவில்லை. பேனாவைக்கூட எடுத்தேன். ஒரு தடவை வாயால் செய்ததைக் கையால் எழுதப்போகிறோம் என்று தோன்றியது. எழுத முடியவில்லை.

"நார் எப்படி இருக்கவேண்டும் என்பதை எழுதிக் கொடுக்காமல் வாய்மொழியாகச் சொன்னது, வந்த நாரைச் சோதிக்காமல் கண்ணால் மட்டும் பார்த்து எடுத்தது" என்று முதல் கட்டத்தில் எழுதினேன். இரண்டாவதில் "தரக் கட்டுப்பாட்டுத் துறை" என்று எழுதினேன். எங்கள் தரக் கட்டுப்பாட்டுத் துறையில் மொத்தமே ஒரு ஆள்தான்.

நாராயணப்பா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இத அனுப்புனா நம்மள பத்தி என்னா நெனப்பாங்க?"

"காரணம் தெரிஞ்சவங்கன்னு நெனப்பாங்க சார்."

அவர் கொஞ்சம் யோசித்து, "சரே" என்று தெலுங்கில் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்.

இன்னொரு வேலை பாக்கி இருந்தது. எல்லோர் முன்னாலும் சொன்ன பழியை எல்லோர் முன்னாலும்தான் எடுக்கவேண்டும். மறுநாள் காலை ஷிஃப்ட் தொடங்குமுன் ஆட்களை நிறுத்திவைத்துப் பேசினேன். முனிராஜ் நேரத்தைக் குறைக்கவில்லை, அவர்மேல் தப்பில்லை, நான் விசாரிக்காமல் சொல்லிவிட்டேன், காரணத்தைக் கண்டுபிடித்ததும் அவர்தான் என்று. பதற்றம் வந்தால் எனக்கு ஊர்ப் பாஷை வந்துவிடும். அன்று முழுக்க அதில்தான் பேசியிருக்கிறேன்.

முடித்ததும் முனிராஜ் கையைத் தூக்கினார்.

"மேடம், நீங்க பேசினது எனக்குப் பாதி புரியல. 'வருத்தப்படுதேன்'னு என்னமோ வந்துச்சி. இன்னொருவாட்டி நிதானமா சொல்லுங்க."

சொன்னேன்.

"பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல போலிருக்குது மேடம்."

மூன்றாவது தடவையும் சொன்னேன். அதற்குள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் சிரிக்காமல் கையுறையை மாட்டிக்கொண்டு, தொட்டிப் பக்கம் போகாமல், நேராகப் பிரஸ்ஸுக்குப் போனார்.

ஆறு பேர் வந்த நாள்

முடிவு என்ன ஆயிற்று என்பதை மறைக்கவில்லை. கால் வைக்கும் பலகை எங்களுக்குக் கிடைக்கவில்லை. மழைத் தண்ணீரில் தினமும் நனையும் இடத்துக்குச் செடி நார் இன்னும் நாள்பட்டுப் பார்க்கவேண்டும் என்று அந்த மூத்தவர் எழுதினார். இந்த முறை அவர் மென்மையாக எழுதவில்லை, கறாராக எழுதியிருந்தார். அதனால் நம்பிக்கை வந்தது. சீட்டுக்கு அடியில் வரும் பெட்டியின் மூடியை எங்களிடம் கொடுத்தார்கள். இன்றைக்கும் செய்கிறோம்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்தக் கடிதம் வருவதற்கு முந்திய ஒரு நாள். எண்ணெய் இல்லாத நாரில், முனிராஜ் அழுத்தி எடுத்த புதுப் பலகைகளை நாங்களே இழுத்துப் பார்க்கும் நாள். நாகம்மா நாங்கள் என்னதான் செய்கிறோம் என்று பார்க்கவேண்டும் என்று கேட்டிருந்தார். ஐந்து பெண்களையும் கூட்டிக்கொண்டு, எல்லோரும் பூ வைத்துக்கொண்டு, பஸ் பிடித்து வந்துவிட்டார்கள்.

என் சோதனை அறை ஒரு ஆள் நிற்கும் அளவுதான் இருக்கும். ஆறு பேரும் உள்ளே நெருக்கி நின்றார்கள். முனிராஜ் வாசலில் நின்றார். நான் பட்டையை மெஷினில் மாட்டி, இரண்டு பக்கமும் பிடி இறுக்கினேன்.

"இப்ப என்னா பண்ணுவீங்க?" என்றார் நாகம்மா.

"அறுந்துபோற வரைக்கும் இழுக்கும்."

அவர் முகம் மாறியது. "உடைக்கறதுக்கா இவ்ளோ பாடு பட்டோம்? தாங்குதான்னு பாத்துட்டு விட்டுடக் கூடாதா?"

"எவ்வளவு தாங்கும்னு தெரியணும்னா உடைச்சுத்தான் ஆகணுங்க."

அவருக்கு அது பிடிக்கவில்லை. மெஷினின் திரையில் இழுவிசையைக் காட்டும் கோடு மேலே ஏறத் தொடங்கியது. எங்களுக்குத் தேவையான அளவில் நான் சிவப்புப் பேனாவால் ஒரு குறி போட்டிருந்தேன். கோடு அதைத் தொட்டால் தேறியது என்று சொன்னேன். ஆறு பேரும் திரையைப் பார்த்தார்கள். பட்டையை யாரும் பார்க்கவில்லை, பார்த்தால் உடைந்துவிடும் என்பது மாதிரி.

கோடு குறியைத் தொட்டது. தாண்டியது. ஒரு பெண் பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். கோடு இன்னும் ஏறியது. வாசலில் நின்ற முனிராஜ் ஒரு அடி உள்ளே வந்தார். நாராயணப்பாவும் எங்கிருந்தோ வந்து அவர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்.

பட்டென்று வெடித்தது. அறையே குலுங்கியது போல இருந்தது.

நாகம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். நான் துண்டுகளைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். பூதக்கண்ணாடி வேண்டாம் என்றார். ஜன்னல் பக்கம் திருப்பி, உடைந்த முனையை விரல் நுனியால் தடவினார். ரொம்ப நேரம் தடவினார்.

"உருவிக்கலீங்க," என்றார் கடைசியில். "அறுந்திருக்குது. எல்லாமே அறுந்துதான் போயிருக்குது."

"ஆமாங்க."

"அப்போ கெட்டியாத்தான் புடிச்சிருக்குது."

"ஆமாங்க நாகம்மா."

அவர் அந்தத் துண்டை மற்ற பெண்களிடம் கொடுத்தார். ஒவ்வொருத்தராக வாங்கித் தடவிப் பார்த்துக் கைமாற்றினார்கள். மேசைமேல் இன்னும் எட்டுப் பட்டைகள் அறுத்து அடுக்கிவைத்திருந்தேன். நாகம்மா அதைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு திரைக்கு நேரே வந்து நின்றார்.

"இன்னொண்ணு உடைங்க மேடம்," என்றார்.